வராண்டாவில் நின்ற மூன்று பேர்

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் கிளினிக்கில் உட்கார நேரமில்லை. பல் பிடுங்க வந்த ஒருவர் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தார். அவருக்குத் தண்ணீர் தெளித்து, அவர் மனைவியைச் சமாதானப்படுத்தி, அடுத்த ஆளுக்கு டோக்கன் கொடுத்துவிட்டு நான் கிளம்பும்போது ஒன்றரை மணி. கல்லூரிப் படியை ஓடித்தான் ஏறினேன். சார் இரண்டு ஐந்துக்குக் கதவைச் சாத்திவிடுவார். அதற்கு மேல் போனால் வகுப்பு வாசலில் நின்றாலும் வராதவள்தான்.

இன்று உளவியல் வகுப்பில் ஞாபகம் சார் ஒரு சோதனை நடத்தினார். நினைவாற்றல் பற்றியே பேசுவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அது. என்னைவிட ஐந்து வயது சின்னவர், ஆனாலும் சார்தான். மூன்று பேர் வராண்டாவில் நிற்க வேண்டும் என்றார். சும்மா இருக்காமல் நானும் கையைத் தூக்கினேன். நானும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் வெளியே போனோம். முதல் ஆளை உள்ளே கூப்பிட்டு ஒரு கதை படித்துக் காட்டினார். அந்த ஆள் இரண்டாவது ஆளுக்குச் சொல்ல, இரண்டாவது ஆள் எனக்குச் சொல்ல, நான் வகுப்புக்கே சொல்ல வேண்டும். கடைசியில் சார் அசல் கதையைப் படித்தார். ஒருவன் பேருந்தில் குடையைத் தொலைத்துவிட்டு, மறுநாள் வேறொருவன் கையில் அதைப் பார்த்துச் சண்டை போடுகிறான். என் கதையில் குடை கைத்தடியாகிவிட்டது, பேருந்து ரயிலாகிவிட்டது, சண்டை அண்ணன் தம்பிக்குள் என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது.

இதுவரை விட்ட வகுப்புகள் ஏழு. மொத்தம் நாற்பத்தெட்டில் பன்னிரண்டு விடலாம். இன்னும் ஐந்து கையில் இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

கிளினிக்கில் என்னோடு வேலை செய்கிற மற்றவள் வரவில்லை, டாக்டரம்மா விடவில்லை. பன்னிரண்டாவதும் போயிற்று. இனி காய்ச்சல் வந்தாலும் போர்வையோடு போய் உட்கார வேண்டியதுதான்.

அக்டோபர் 24, வெள்ளி

கடைசி வகுப்பு. அதன்பிறகு மிச்சமிருந்த ஆறு வகுப்புக்கும் போனேன், ஒன்றைக்கூட விடவில்லை. நாற்பத்தெட்டுக்கு முப்பத்தாறு. சரியாக எழுபத்தைந்து சதவீதம், ஒரு இம்மி கூடவும் இல்லை குறையவும் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர், எதையும் எடை கணக்கில்தான் பார்ப்பார். "தாங்குற அளவுக்கு மேல ஒரு ஆள்கூட ஏத்தல, நல்லதுதான்" என்றார்.

அக்டோபர் 27, திங்கள்

என் எண் பட்டியலில் இருக்கிறது.

தேர்வு எழுதத் தகுதி இல்லாதவர்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பெயர் கிடையாது, வெறும் எண்கள், ஆறு பேர். என் எண்ணுக்கு நேரே 72.9. நான் மூன்று முறை பார்த்தேன். பின்னால் நின்ற பையன் "தள்ளுங்கக்கா" என்றபிறகுதான் நகர்ந்தேன்.

வீட்டில் மகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "முப்பத்தஞ்சு நாள்னு போட்டிருக்காங்கம்மா. ஒரு நாள் உன்னை விட்டுட்டாங்க" என்றாள். அவளும் வேறொரு கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு இது சகஜம், நாலு நாள் விட்டால் ஐந்தாம் நாள் யாரோ அவளுக்குப் பதிலாகக் குரல் கொடுத்துவிடுவார்களாம். எனக்கு யார் குரல் கொடுப்பார்கள்? என் எண்ணுக்கு ஒரு பத்தொன்பது வயதுக் குரல் "உள்ளேன் ஐயா" என்றால் செவிடனுக்கும் தெரிந்துவிடும்.

எந்த நாள் என்று இந்த நோட்டின் கடைசிப் பக்கக் கணக்கையும் அலுவலகத்தில் வாங்கிய வருகைப் பதிவேட்டு நகலையும் வைத்து ஒத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் இருபது. குடைக்கதை நாள்!

அடப்பாவிகளா. என்னை வெளியே நிற்கவைத்துவிட்டு சார் உள்ளே பெயர் கூப்பிட்டிருக்கிறார். அவருக்கு எப்போதும் அந்தப் பழக்கம்தான். தலையை நிமிர்த்தாமல் எண்களை ரயில் வேகத்தில் வாசிப்பார், பதில் இல்லாவிட்டால் ஒரு கோடு. கோடு போட்ட கையோடு வராண்டாவைப் பார்த்து "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். நான் வந்தேன், கதை சொன்னேன், சிரிக்கவைத்தேன். வரவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

கிளினிக்கில் ஒரு மணிநேரம் முன்பே கேட்டுக்கொண்டு சாரைப் பார்க்கப் போனேன். இந்த அரை நாள் அனுமதியே இந்தக் கல்வியாண்டு முடியும்வரைதான். இந்த ஒரு தாள் போனால் அடுத்த வருடம் இதே வகுப்பில் மறுபடி நாற்பத்தெட்டு மதியங்கள். டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார், அடுத்த வருடம் முழு நாள் வேலை, முடியாவிட்டால் வேறு ஆள். ஆக, இந்தத் தாள் போனால் பட்டம் போயிற்று. மூன்று வருடம் ஓடி ஏறிய படி எல்லாம் வீண்.

நான் சொன்னதை அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மேடம், ரெண்டு மாசம் ஆச்சு. ஞாபகம் ஏமாத்தும். அதைத்தானே இந்தப் பருவம் முழுக்கப் படிச்சோம். பதிவேடு ஏமாத்தாது."

"பதிவேடு தானா எழுதிக்குதா சார்? நீங்கதானே எழுதுறீங்க."

இந்த நோட்டின் அன்றைய பக்கத்தை மட்டும் திறந்து காட்டினேன். இது நீங்களே எழுதியது, எந்த நாளும் எழுதலாம், இதைச் சுய அறிக்கை என்போம், ஆதாரத்தில் கடைசி வரிசை என்றார். என் சொந்த நாட்குறிப்பு எனக்குச் சாட்சி இல்லையாம். அவர் மேஜையில் என் விடைத்தாள் இருந்தது, உள்மதிப்பீட்டுத் தேர்வில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். அதைப் பற்றிக் கேட்டதற்கு, மதிப்பெண் வேறு வருகை வேறு என்றார். வேறா? இருபத்தைந்தில் பத்து மதிப்பெண் வருகைக்கு! கடைசி பெஞ்சில் வாயைத் திறந்து தூங்குகிறவனுக்குப் பத்துக்குப் பத்து. உடம்பை நாற்காலியில் கொண்டுவந்து போட்டதற்கு மதிப்பெண் தருவது என்ன உளவியலோ.

வெளியே வரும்போது, யாராவது சாட்சி சொன்னால் பார்க்கலாம் என்றார். சொல்கிறார்கள் பார் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 29, புதன்

பதினோரு பேரைக் கேட்டேன். பதினோரு பேருக்கும் நான் கதை சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் கேட்டால்தான் தலை சுற்றுகிறது.

என்னோடு வெளியே நின்ற முதல் ஆள் ஸ்பீக்கர். வகுப்பில் சத்தம் அதிகம் போடுவதால் அந்தப் பெயர். அவனுக்கும் அன்று கோடு விழுந்திருக்கிறது, அவனுக்குத் தொண்ணூறு சதவீதம் இருப்பதால் பார்க்கவே இல்லை. "நானும் நின்னேன்க்கா, நல்லா ஞாபகம் இருக்கு. கதையை உங்ககிட்ட சொன்னதே நான்தான்" என்றான். டேய், உன்னிடம் இருந்து இரண்டாவது ஆள் கேட்டாள், அவளிடம் இருந்துதான் நான் கேட்டேன். அவன் கேட்பதாக இல்லை. அதுவும் ஜூலையில் நடந்ததாம்.

இன்னொருத்தி, "அவங்க வெளிய நிக்கிறாங்க சார்னு நானே சொன்னேன். வந்ததும் போட்டுக்கறேன்னாரு" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஒரே ஒரு சாட்சி, அதுவும் சாரின் வாய் வார்த்தையோடு! நாளை மறுநாள் வகுப்பில் சொல்கிறேன் என்றும் ஒத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஆள் நெட்டை. பெயருக்கேற்ற உயரம். அவளும் எண் பட்டியலில் இருப்பதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அறிவிப்பு வந்ததிலிருந்து கல்லூரிக்கே வரவில்லை. பாவம், அவளுக்கும் அதே கோடுதான். வராண்டாவில் கைவிரல்களைச் சொடுக்கிக்கொண்டே நின்றது கண்ணுக்குள் இருக்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

இன்று மீள்பார்வை வகுப்பு. வருகை கிடையாது என்பதால் பாதி பேர்தான். என் சாட்சி எழுந்து நின்று சொன்னாள், கண்ணீர் வராத குறை. சார் பதிவேட்டைப் புரட்டினார். அன்று அவளுக்கும் வருகை இல்லை. அவள் வெளியே நிற்கவும் இல்லை. அன்று அவள் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தாள், விடுப்புக் கடிதம் பதிவேட்டிலேயே ஒட்டியிருந்தது. அந்தப் பெண் விழித்தாள். பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். யாரோ சொல்லிக் கேட்டுக் கேட்டு அவளும் அந்த நாளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

சாருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கரும்பலகையில் கட்டம் போட்டு, 'சாட்சி ஒன்று', 'சாட்சி இரண்டு' என்று எழுதி, என் வழக்கையே பாடமாக நடத்திவிட்டார். தேர்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, குறித்துக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.

என் ஒரு வருடம் இவருக்கு உதாரணமா? நான் எழுதப்போகாத தேர்வுக்கு நான் உதாரணமா? எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்பத்துமூன்று வயதில் வகுப்பில் அழுதால் அதையும் குறித்துக்கொள்வார்களே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 1, சனி

மகளிடம் கத்திவிட்டேன். அவள் பாவம், "விடும்மா, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றாள். அடுத்த வருஷம் என்ற வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

நவம்பர் 3, திங்கள்

காலையில் கிளினிக்கில் புது நோயாளிக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், ஆணா பெண்ணா, வயது. வயது என்று எழுதும்போது கை அப்படியே நின்றுவிட்டது. அன்று சோதனை முடிந்ததும் எங்களுக்கும் ஒரு தாள் நிரப்பினார்களே!

ஒரு மணிக்கு, அந்தத் தாள்களை வைத்திருக்கும் உளவியல் ஆய்வகத்துக்கு ஓடினேன். ஆய்வகத்துக்குப் பொறுப்பான அம்மா பீரோவைத் திறக்கும்போதே எச்சரித்தார், பெயர் இருக்காது, யார் என்று தெரியக்கூடாது என்பது விதி, எண் மட்டும்தான் என்று. சாரும் வந்து நின்றார். ஆகஸ்ட் இருபது என்று தேதி போட்ட உறை. பங்கேற்பாளர் ஒன்று, ஆண், 19. பங்கேற்பாளர் இரண்டு, பெண், 19. பங்கேற்பாளர் மூன்று, பெண், 43.

"இந்த வகுப்புல நாப்பத்திமூணு வயசு எத்தனை பேர் சார்?"

அவர் தாளை இரண்டு முறை படித்தார். கீழே இருந்தது அவர் கையெழுத்து. என்னைப் பார்க்காமல், "தப்பு என்னோடதுதான்" என்றார். பதிவேட்டை எடுத்து, கோட்டை அடித்து, சிவப்பு மையில் திருத்திச் சுருக்கொப்பம் போட்டார். முப்பத்தாறு. மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

சந்தோஷப்பட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. இரண்டாவது பெண்ணுக்கு என்று கேட்டேன். வகுப்பில் பாதிப் பேருக்குப் பத்தொன்பது, யாரென்று தாள் சொல்லவில்லை என்றார். தாள் சொல்லாவிட்டால் என்ன, பக்கத்தில் நின்ற நான் சொல்கிறேன், நெட்டைதான் என்றேன்.

"அது உங்க ஞாபகம் மேடம்" என்றார்.

இப்போதுதான் என் ஞாபகம் சரி என்று சிவப்பு மையில் எழுதினார். அந்த மை காய்வதற்குள் மறுபடி பழைய பல்லவி. நான் வெளியே நின்றது உண்மையாம், யாரோடு நின்றேன் என்று நான் சொல்வது மட்டும் கற்பனையாம். போன் பண்ணி அவளையே வரச்சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

நெட்டை போனை எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். நாளையே வா, சாட்சிக்கு நான் இருக்கிறேன் என்றேன்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அப்புறம் சொன்னாள்.

"அன்னைக்கு நான் வரவே இல்லக்கா. தம்பிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். ஆமான்னு சொல்லிரலாம்தான். எனக்கும் அந்த ஒரு நாள்தான் குறையுது. ஆனா நான் வரலக்கா."

விரல் சொடுக்கியது? அது எந்த நாள்? அது யார்?

இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது எப்படிப் பொய்யாகும்? அவள் நின்ற இடம், ஜன்னல் வெளிச்சம், எல்லாம் தெரிகிறதே. நாளைக்குப் போய் அந்த மனிதரிடம், என் ஞாபகம் தப்பு என்று நானே சொல்ல வேண்டும். இதற்கு ஒரு வருடம் போவதே மேல்.

நவம்பர் 5, புதன்

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வகுப்புக் குழுவில் ஒரு செய்தி போட்டார், அன்று வெளியே நின்ற இரண்டாவது மாணவி யாரோ அவர் வந்து பார்க்கவும் என்று. அந்தளவுக்கு நல்லது.

நவம்பர் 6, வியாழன்

மூன்று பேர் வந்தார்களாம்! மூன்று பேருமே தான்தான் அந்த இரண்டாவது ஆள் என்று சொன்னார்களாம். ஒருத்தி அழுதாளாம். அதில் யாராவது பொய் சொன்னார்களா, எல்லோருமே நம்பித்தான் சொன்னார்களா என்று தனக்கே தெரியவில்லை என்றார் சார். முதல் தடவையாக அந்த மனிதர் முகத்தில் களைப்பைப் பார்த்தேன். இப்படி இருக்கும்போது யாருக்கென்று திருத்துவது என்று என்னையே கேட்டார். நாளை துறைத்தலைவரிடம் போகலாம், நீங்களும் வாருங்கள் என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

துறைத்தலைவர் பெரிய மேடம். கோப்பைப் படித்துவிட்டு இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். ஆளை வெளியே அனுப்பிவிட்டுப் பெயர் கூப்பிட்டது முறையில்லை. அந்த நாளின் வருகையையே ரத்துசெய்துவிடலாம், எல்லோருக்கும் சமம் என்றார். சாரும் தலையாட்டினார்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ரத்தானால் நாற்பத்தேழு வகுப்பு. நான் வந்தது முப்பத்தைந்து. எழுபத்து நாலு புள்ளி நாலு. நியாயம் கேட்டு வந்த எனக்கே ஆப்பு! சிவப்பு மையும் போய்விடும். பேசாமல் திங்கட்கிழமையே வாயை மூடிக்கொண்டு போயிருந்தால்?

அப்படியே கொட்டிவிட்டேன். அழுகையும் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். ரத்து வேண்டாம், அன்றைக்கு எல்லோருக்கும் வந்ததாகப் போடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை என்றேன். சார் நிமிர்ந்தார்.

"வராதவங்களுக்கு வந்ததா எழுத என்னால முடியாது மேடம். அது பொய்ப் பதிவு."

"வந்தவளுக்கு வரலைன்னு எழுத முடிஞ்சுதே சார்."

பெரிய மேடம் பேனாவை எடுத்து சார் பக்கம் நகர்த்தினார். அவர் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்பது கோடுகளையும் ஒவ்வொன்றாக அடித்தார், ஒவ்வொன்றுக்கும் ஒப்பம் போட்டார். கல்யாணத்துக்குப் போனவள், ஆஸ்பத்திரிக்குப் போனவள், எல்லோரும் அன்று வந்துவிட்டார்கள்.

நெட்டைக்குப் போன் பண்ணினேன். நம்பவில்லை. அப்புறம் அவள் அம்மா பேசினார், நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பட்ட அவமானத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

நவம்பர் 12, புதன்

படிப்பு. வேறொன்றுமில்லை.

நவம்பர் 17, திங்கள்

தேர்வு முடிந்தது. நன்றாகவே எழுதியிருக்கிறேன். சாட்சிகளின் நினைவைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. என்னைப் பற்றி நானே எழுதினேன், பெயர் போடாமல்.

தேர்வுக்கு முன்னால் படிக்கட்டில் ஹால் டிக்கெட்டைப் பையில் துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். வகுப்பில் ஜன்னலோரம் உட்காருகிறவள். மூன்று வருடமாக ஒரே வகுப்பு, அவள் பேசி நான் கேட்டதில்லை.

"உங்களாலதான் எழுதுறேன்க்கா. எனக்கும் முப்பத்தஞ்சுதான் இருந்துச்சு" என்றாள்.

ஒன்பது பேரில் நீயும் ஒருத்தியா, அன்று எங்கே போயிருந்தாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"எங்கயும் போகலக்கா. உங்ககூடத்தான் வெளிய நின்னேன். உங்களுக்குக் கதை சொன்னது நான்தான்."

நாலாவதாக இன்னொருத்தியா என்றுதான் முதலில் நினைத்தேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் கோபப்படவில்லை.

"நீங்க கண்ண மூடிட்டே கேட்டீங்க. அதனால மெதுவா, ரெண்டு தடவ சொன்னேன். குடைன்னுதான் சொன்னேன்க்கா."

கவனமாகக் கேட்க வேண்டும் என்றால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். வீட்டுக்காரர் முப்பது தடவை கிண்டல் பண்ணியிருக்கிறார். இந்த நோட்டில் அதை எங்கும் எழுதியதில்லை, கல்லூரியில் யாரிடமும் சொன்னதில்லை. எதிரே நின்று பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

சார் கூப்பிட்டபோது ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"மூணு பேர் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. நாலாவதா நானும் போனா சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்."

மணி அடித்துவிட்டது. அவள் அறை வேறு, என் அறை வேறு.

வீட்டுக்கு வந்து அன்றைய பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'இன்னும் இரண்டு பிள்ளைகள்' என்று எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். பிறகு பதினோரு பேரைக் கேட்டேன், அவளைக் கேட்கவில்லை. ஸ்பீக்கர் அவளைத் தாண்டி என்னிடம் கதை சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறான், நான் அவள் இடத்தில் நெட்டையைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சார் போட்டது ஒரு கோடு. ஸ்பீக்கரும் நானும் அவளை ஆளோடு சேர்த்தே அடித்து அழித்துவிட்டோம்.

இப்போதும் கண்ணை மூடிப் பார்க்கிறேன். வராண்டாவில் நெட்டைதான் நிற்கிறாள். இந்தப் பெண்ணின் முகம் வரவே மாட்டேன் என்கிறது. மூன்று வாரமாகக் கோபப்பட ஆள் இருந்தது. இன்றைக்கு என்னைத் தவிர யாரும் மிச்சமில்லை.